பாதி உத்திரம்

ஆள் வைத்துப் பார்த்து வாங்கிய வீடுதான் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் யாரிடம் இதைச் சொன்னாலும், பாதியில் நிறுத்தி, "வாங்குறதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்ச ஆளை வச்சுப் பாக்கலையா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, தாங்களாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டோம் என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு. பார்த்தோம். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் வீடு பார்த்துச் சொல்வதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவரைக் கூட்டிவந்தே பார்த்தோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் பக்கம் போயிருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எழுதாத சட்டம். ஆனால் என் தாய்வீடு என்பது ஊருக்குள் ஒரு நீளமான வீட்டில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். அப்பா ஒரு புகையிலைக் கிடங்கில் கணக்கராக இருந்தார். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததுமே வீட்டுக்கார அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

"பிள்ளைப்பேறெல்லாம் இங்க வச்சுக்கக் கூடாது. நாலு குடித்தனம் தண்ணி எடுக்குற கெணறு. ஆஸ்பத்திரியில பெத்தாலும் சரி, தீட்டுக் கழியிற வரைக்கும் வேற எங்கிட்டாவது இருந்துட்டு வரச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இது எப்படியோ ஒட்டன்சத்திரம் வரை போய்ச் சேர்ந்தது. என் மாமியார் ஒருநாள் என் எதிரிலேயே மாமனாரிடம், "ஏனுங்க, அவுங்க ஊட்ல எடம் பத்தாதுன்னா இங்கயே பாத்துக்கலாமுங்க. நம்மூட்டுப் புள்ளதானுங்க" என்றார். அதில் கரிசனம் பாதி, குத்தல் பாதி. எது எந்தப் பாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இது தெரிந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கை கழுவினாராம். "ஏம் மக ஏங் கூரைக்குக் கீழதான் பிள்ளை பெறும்" என்றாராம். அன்றிலிருந்து வீடு தேட ஆரம்பித்தார்.

கிடைத்தது, மலைக்கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில் ஓர் ஓட்டுவீட்டில் பாதி. ஆமாம், பாதிதான். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்ட வீடு. பெரிய கூடத்தின் நட்டநடுவில் சுவர் எழுப்பி, வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி தம்பிக்கு என்று பிரித்திருந்தார்கள். பின்கட்டில் கிணற்றின் மேலேயும் அந்தச் சுவர் போனது. அந்தப் பக்கம் ஒரு கப்பி, இந்தப் பக்கம் ஒரு கப்பி. கீழே தண்ணீர் மட்டும் ஒன்று. அண்ணன்காரர் தன் பாதியை விற்றுவிட்டு மதுரையில் இருக்கும் மகனோடு போய்விடுவதாக இருந்தார்.

வீடு பார்க்க அப்பா கூட்டிவந்தவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். பாலம், பள்ளிக்கூடம் என்று சர்க்கார் கட்டடங்கள் பார்த்தவர். ஊரில் யார் பழைய வீடு வாங்கினாலும் முதலில் அவர் காலடி பட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வைகாசி வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கையில் பூண் போட்ட பிரம்பு, பையில் தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு கோணி ஊசி. நான் அப்போது நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று அம்மாவிடம் வந்திருந்தேன். அதனால் அன்று அவர்கள் பின்னாலேயே நானும் போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் வீட்டைப் பிரித்து மேய்ந்துவிட்டார். நிலைக்கதவின் அடிக்கட்டையில் கோணி ஊசியைக் குத்திக் கரையான் பார்த்தார். தரையில் தண்ணீர் ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைக் கையில் வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினார். ஏணி கேட்டு வாங்கி, அந்த வயதில் மேலே ஏறி, கூடத்து உத்திரங்களைப் பிரம்பால் தட்டினார். மூன்று உத்திரம். கைக்கு அடங்காத கனம். மூன்றும் மணி மாதிரி சத்தம் கொடுத்தன.

"பர்மா தேக்கு! நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்!" என்று மேலே இருந்தபடியே கத்தினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்.

இறங்கி வந்து நடுச்சுவரைத் தட்டினார். காரைப்பூச்சு வழவழவென்று இருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் பிசகவில்லை. "நல்ல சொவர்! எம்புட்டு லோடு வேணாலும் தாங்கும்!" என்றார், அதே குரலில். பிறகு, "இதுக்கு அந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அண்ணன்காரர் முகம் மாறிவிட்டது. "அது தம்பி பக்கம். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. நீங்களும் அங்கிட்டுப் போக வேணாம். எங்கிட்ட வீடு வாங்குறவுக அவன் வாசப்படிய மிதிச்சா எனக்கு என்ன மருவாதி?"

அப்பா பதறிப்போய், "சேச்சே, நாங்க எதுக்குங்க அங்க போறோம்?" என்றார். அவருக்கு அது மரியாதைப் பிரச்சினை. ஒருவரிடம் வீடு பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஆகாதவர் வாசலில் போய் நிற்பது அவருடைய அகராதியில் கிடையாது. ஓவர்சியரும் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அதானே, நமக்கு வேண்டியது நம்ம பக்கந்தானே" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அன்று எங்களில் ஒருவருக்குக்கூட அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

வெற்றிலைத் தட்டோடு அவருக்கு உரியதை வாங்கிக்கொண்டு ஓவர்சியர் எழுந்தபோது, "நான் பாத்த வரைக்கும் வீட்டுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். அதில் 'ஒரு குறையும் இல்லை' என்பது மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். எனக்கு வளைகாப்பு முடிந்து, நான் கனத்த வயிற்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். சொந்த வீட்டில் அம்மா நடக்கிற நடையே வேறாக இருந்தது. வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று, காலண்டரைக்கூட மாட்டவிடாமல் சுருட்டி வைத்திருந்தாள்.

வீட்டோடு சேர்த்து நாங்கள் கேட்காமலே இன்னொன்றையும் வாங்கியிருந்தோம். அது அந்தப் பகை. தம்பிக்காரர் வீட்டோடு எங்களுக்கு என்ன சண்டை? ஒன்றும் கிடையாது. ஆனாலும் அம்மா அவர் மனைவியிடம் பேசமாட்டாள், அந்த அம்மாளும் இவளிடம் பேசமாட்டாள். காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைத்தால் கிணற்றுக்குள் வாளியும் வாளியும் மோதிக்கொள்ளும். உடனே இரண்டு பக்கமும் கயிறு நின்றுவிடும். யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

புரட்டாசி பிறந்ததும் எனக்கு வலி வந்தது. கூடத்தை ஒட்டிய அறையில், மருத்துவச்சி கையில், பெண் பிறந்தாள். அப்பா கற்கண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கப் போனார். தம்பிக்காரர் வீட்டு வாசலை மட்டும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார். ஒட்டன்சத்திரத்துக்குத் தந்தி அடித்தார். கூடத்தின் நடு உத்திரத்தில் யாரோ எந்தக் காலத்திலோ போட்ட இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதில்தான் அம்மாவின் பழைய நூல்சேலையில் தொட்டில் கட்டினோம்.

அந்த நாட்களில்தான் தம்பிக்காரர் வீட்டுக் கூரையில் ஆட்கள் ஏறினார்கள். ஓடுகளை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாமளும் மாத்தணும், ரெண்டு மூணு எடத்துல ஒழுகும்போல" என்று அப்பாகூடச் சொன்னார். அடுத்து மரம் இறங்கும் சத்தமும் கேட்டது. ஓடு தாங்கும் கைமரம் மாற்றுகிறார்கள் என்று நினைத்தோம். எட்டிப்பார்த்து ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. எங்களுக்குத்தான் பேச்சுவார்த்தை கிடையாதே.

பிள்ளை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலைநேரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தொட்டில் நடுங்கியது.

ஆடவில்லை, நடுங்கியது. யாரும் ஆட்டவில்லை, காற்றும் இல்லை. சேலைமடிப்பு சன்னமாக அதிர்ந்துகொண்டே இருந்தது, நிற்கும், மறுபடி அதிரும். எனக்கு முதலில் பேய்பிசாசு நினைப்புத்தான் வந்தது. அப்புறம் முதுகில் சுவரும் அதிர்வது தெரிந்தது. மேலே பார்த்தேன். உத்திரம் சுவருக்குள் போகிற இடத்திலிருந்து காரைத்தூள் பொலபொலவென்று உதிர்ந்து கொண்டிருந்தது. அந்த இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. வீட்டுக்குள், கூடத்து நடுச்சுவரின் உச்சியில், பகல் வெளிச்சம். அப்போதுதான் காதில் விழுந்தது, ரம்பம் இழுக்கும் சத்தம்.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "அப்பா! உத்திரத்த அறுக்குறாக!" என்று கத்தினேன். தீட்டாவது ஒன்றாவது, வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். அப்பா எனக்கு முன்னால் ஓடி, இத்தனை நாள் மிதிக்காத அந்த வாசற்படியை ஒரே தாவில் தாண்டி உள்ளே போனார். நானும் நிலைப்படி வரை போனேன்.

உள்ளே நான் கண்டதை எப்படிச் சொல்வது? அந்த வீட்டுக்குக் கூரையே இல்லை. ஓடு இல்லை, கைமரம் இல்லை. நாலு பக்கமும் சுவர், மேலே வெறும் ஆகாயம். அந்த ஆகாயத்துக்குக் குறுக்கே எங்கள் வீட்டு உத்திரங்கள் மூன்றும் நீட்டிக்கொண்டு அந்தக் கோடிச் சுவர் வரை போயிருந்தன. எங்கள் வீட்டு உத்திரம் எங்கள் வீட்டோடு முடிகிறது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது முழுக்கூடத்துக்கும் போட்ட ஒரே மரம். நடு உத்திரத்தின் மேல் ஓர் ஆளும், கீழே சாரத்தில் ஓர் ஆளும் நின்று ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் அறுத்திருந்தார்கள். சுவரை ஒட்டி, ஒரு விரற்கடை எங்களுக்கு விட்டு, கரித்துண்டால் கோடு போட்டிருந்தது. எங்கள் பங்கில் இழை அளவுகூடத் தன் பக்கம் வந்துவிடக்கூடாது என்கிற நேர்மை!

"என்னய்யா பண்றீக?" என்றார் அப்பா.

கீழே நின்றிருந்த தம்பிக்காரர் திரும்பினார். சண்டைக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்தவர் மெலிந்த, சாதுவான மனிதர். "மரத்த அறுக்குறேங்க. குஜிலியம்பாறைப் பக்கம் எங்க மாமனார் ஊர்ல ஒரு வீடு கட்டுறேன். அதுக்குத்தான்."

"எங்க வீட்டு உத்திரத்தையா?"

"உங்க பாதிய நான் தொடலையே. பாகம் பிரிக்கையில சொவத்துக்கு அங்கிட்டு உள்ளது அண்ணனுக்கு, இங்கிட்டு உள்ளது எனக்குன்னுதான பேச்சு. மரத்துக்கும் அம்புட்டுதானங்க."

"நிறுத்தச் சொல்லுய்யா! பாதி உத்திரம் எதுலய்யா நிக்கும்? பச்சப்பிள்ளையத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தோம்யா அதுல!"

ரம்பம் நின்றது. தம்பிக்காரர் என் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

"சொவத்துல நிக்காதுங்களா? உங்க ஓவர்சியர் சொன்னாரே."

எங்களுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு அவரு தட்டித் தட்டிப் பாத்தது இங்க எனக்குக் கேட்டுச்சுங்க. நல்ல சொவர், எம்புட்டு லோடு வேணாலும் தாங்கும்னாரு. அதுவரைக்கும் எனக்கே சந்தேகந்தான். ஏன்னா, இது மறைப்புக்கு வச்ச ஒத்தக்கல்லுச் சொவரு. நாந்தான் நின்னு வச்சேன். அஸ்திவாரம்கூட தோண்டல, தரைமேலயே வச்சது. ஆனா அம்புட்டுப் படிச்சவரு பாத்துட்டுச் சொல்றாரேன்னுதான் துணிஞ்சு ரம்பத்த வச்சேன்."

எங்களுக்குப் பத்திரமாக ஒரு வீடு வேண்டும் என்று நாங்கள் வைத்த ஆளின் வாக்கை நம்பித்தான் அவர் எங்கள் தலைக்கு மேல் அறுத்திருக்கிறார். 

"வீட்ட வாங்கும்போது எல்லாத்தையும் தட்டிப் பாத்தீகளே. ஏங் கதவ யாராச்சும் தட்டுனீகளா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனுங்க" என்றார் அவர். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா ஓவர்சியர் வீட்டுக்கு ஓடினார். அம்மா கையில் கிடைத்த துணிமணிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஓவர்சியர் அன்று கோட்டு போட நேரமில்லாமல் வேட்டி பனியனோடு வந்து சேர்ந்தார். தென்பக்கத்துக்குள் முதன்முதலாக நுழைந்தார். சுவரின் இந்தப் பக்கத்தில் பூச்சே கிடையாது. செங்கல்லும் மண்சாந்தும் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. ஒற்றைக்கல் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் பிரம்பை எடுக்கவே இல்லை. வெறும் கையால் தொட்டுப் பார்த்தார்.

"நான் பாத்தது அந்தப் பக்கந்தானேம்மா" என்றார், என்னைப் பார்த்து. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சொவத்துக்கு ஒரு பக்கம் மட்டுமா சார் இருக்கும்?" என்று கேட்டேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை. இன்று யோசித்தால் அவர் சொன்னதும் பொய்யில்லைதான். பார்த்த பக்கத்தை அவர் சரியாகத்தான் பார்த்தார். ஆனால் அன்று எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

நடு உத்திரத்தின் அறுப்பை நிமிர்ந்து பார்த்தவர், சட்டென்று, "வடபக்கம் யாரும் உள்ள இருக்காங்களா? யாரும் போகாதீங்க! முட்டுக்கொடுக்க மரம் கொண்டாங்க!" என்று தன் பழைய குரலில் கத்தினார்.

ரம்பக்காரர்கள் உட்பட எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தோம். மரம் வருவதற்கு முன்னால் உத்திரம் முறிந்தது. அறுபடாமல் மிச்சம் இருந்தது அதற்குமேல் தாங்கவில்லை. படீரென்று ஒரு சத்தம். ஒற்றைக்கல் சுவர் எங்கள் பக்கமாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு ஓடுகள் சரிய ஆரம்பித்தன. சரசரவென்று, நிற்காமல், ஒரு லோடு கல்லை இறக்குகிற மாதிரி. எங்கள் வாசல் வழியாகப் புழுதி தெருவுக்கு வந்தது. புழுதி அடங்கியதும் எட்டிப்பார்த்தோம். தொட்டில் கட்டிய இடத்தில் ஓட்டுக்குவியல் இடுப்பளவு கிடந்தது. அம்மாவின் சேலைத்தலைப்பு மட்டும் ஓர் ஓரத்தில் வெளியே தெரிந்தது.

அம்மா அழக்கூட இல்லை. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கையில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அமர்த்தவும் தோன்றவில்லை.

தெருவே கூடிவிட்டது. ஐயோ பாவம் என்றார்கள், சாமிதான் காப்பாற்றியது என்றார்கள், தண்ணீர்கூடக் கொண்டுவந்து தூர வைத்தார்கள். ஆனால் உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? நான் தீட்டுக்காரி, கையில் பச்சைப்பிள்ளை. எந்த வீட்டிலும் எனக்கு இடம் கிடையாது என்பதால்தானே அப்பா இந்த வீட்டையே வாங்கினார். அவர் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கேட்கத்தான் பார்த்தார். யாரிடமும் அவருக்கு வாய் எழவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது தம்பிக்காரர் மனைவி வாசலுக்கு வந்தாள். கிணற்றடியில் இத்தனை நாளாகக் கயிற்றுச் சத்தத்தை மட்டும் நான் கேட்டிருந்த அந்த அம்மாள். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"புள்ளைய இங்கிட்டு கொண்டாத்தா. எங்க பக்கம் இனி தலைக்கு மேல விழுறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.